ரோடு எஸ்டிமேட்டில் ஒரு வரி

ஸ்ட்ரிப் பிளான் என்று ஒரு தாள் உண்டு. ரோடு அகலப்படுத்தும் வேலை எதுவானாலும் முதலில் அதைத்தான் போடுவோம். நடுவில் ரோடு நீளக் கோடாக ஓடும். இரண்டு பக்கமும் என்னென்ன நிற்கிறதோ அதெல்லாம் மீட்டர் கணக்கில் குறிக்கப்படும். வேப்பமரம், புளியமரம், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், குடிநீர்க் குழாய், பஸ் நிழற்குடை, கோயில், சிறு பாலம். பதினாறு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. காங்கேயம், சென்னிமலை, வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் நான் நடந்து அளக்காத ரோடு குறைவு.

மூன்று வருடத்துக்கு முன்பு அப்படி ஒரு தாளில் நானே ஒரு வரி எழுதினேன். ‘இடப்புறம், கல் 3, அகற்ற வேண்டும்.’ அது என்ன கல் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் எழுதினேன். அந்தத் தாளில் மரத்துக்கு ஒரு பத்தி உண்டு, கம்பத்துக்கு ஒரு பத்தி உண்டு, குழாய்க்கும் உண்டு. மிச்சம் எல்லாமே ‘இதர தடைகள்’ என்ற பத்திக்குள் போகும். அந்த மூன்று கல்லும் அங்கேதான் போயின.

மூன்றும் சேர்ந்து ஒரு சுமைதாங்கி.

சுமைதாங்கியைப் பார்த்திராத பிள்ளைகள் இப்போது நிறைய. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கல்லை நட்டு, அவற்றின் தலைமேல் ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவருக்குப் பாரம்கூடப் பெரிய சங்கடம் இல்லை. இறக்கினால் திரும்ப ஏற்றிவிட ஆள் வேண்டும், அதுதான் சங்கடம். அரை மூட்டை நிலக்கடலையைத் தரையில் வைத்துவிட்டால் இன்னொரு கை வராமல் அது தலைக்கு ஏறாது. சுமைதாங்கியில் அந்தத் தொல்லை இல்லை. கல்லை ஒட்டி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, சும்மாட்டோடு சுமையை அப்படியே மேல்கல்லுக்குத் தள்ளிவிடலாம். மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு நடக்கலாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் அம்முச்சி, அம்மாவின் அம்மா, சந்தைக்கு நடந்தே போய் வந்தவர். போகும்போது தட்டைப்பயறு, வரும்போது உப்பும் கருவாடும். வழியில் இரண்டு சுமைதாங்கி இருந்ததாம். தூரத்தை அவர் மைல் கணக்கில் சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘மொதல் சொமதாங்கி தாண்டறதுக்குள்ள விடிஞ்சிரும்’ என்பார். ‘ரண்டாவது சொமதாங்கியில எறக்கி வெச்சா சந்தைச் சத்தம் கேக்கும்’ என்பார். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது எனக்கு அந்தச் சத்தமே கேட்கும்.

ஏன் இதை நட்டார்கள் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். பிள்ளை பெறாமல், வயிற்றுச் சுமையோடு ஒரு பெண் இறந்துபோனால், அவள் நினைவாக வீட்டார் வழியோரத்தில் சுமைதாங்கி நடுவார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமையை, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தங்கள் சுமையை இறக்கி வைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்கிறார்கள் என்று நம்பிக்கை. தமிழ்நாட்டில் பல பகுதிகளில் இந்த வழக்கம் இருந்தது. கோயில் கட்ட வசதியில்லாத வீடுகளும் மூன்று கல் நட்டன. ஊரில் பேர் தெரியாத ஒரு பெண்ணின் பெயர், அவள் இறந்த வருஷம், யார் செய்வித்தது என்பதெல்லாம் அந்த மேல்கல்லில்தான் பல இடங்களில் எழுத்தாக மிஞ்சியிருக்கிறது.

கொங்கு நாட்டுக்குக் கல்லில் பெயர் பொறிப்பது புதிதும் இல்லை. அரச்சலூருக்குப் பக்கத்தில் நாகமலைக் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் ‘த தை தா தை த’ என்றெல்லாம் தாளக்கட்டு பொறித்திருக்கிறார்கள். அதைச் செய்தவன் தேவன் சாத்தன் என்ற மணி வண்ணக்கன், அதாவது மணிகளைச் சோதித்து மதிப்பிடுகிறவன். புலவர் செ. இராசு அதைக் கண்டு சொன்ன பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் பானை ஓட்டில் கீறிய பெயர்கள் அத்தனை கிடைத்திருக்கின்றன. அந்தப் பெயர்களுக்காக ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள், புத்தகம் வருகிறது. வர வேண்டும்தான். ரோட்டோரக் கல்லில் இருக்கும் பெயருக்கும் யாராவது வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வழிகளும் இங்கே பழசு. பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போன பாதை ஒன்றுக்கு ராசகேசரிப் பெருவழி என்று பெயர். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. வடக்கே தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழிக் கல் ஒன்றில், நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று எழுதி, எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கீழே குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழி, ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சின்னக் குழி. படிக்கத் தெரியாதவன் தடவிப் பார்த்தே தூரம் தெரிந்துகொள்ளலாம். ரோடு போடுகிற தொழிலில் இருக்கிற எனக்கு அந்தக் கல்லை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறையும். நடக்கிறவனை நினைத்து ரோடு போட்டிருக்கிறார்கள்.

சரி, நம் கல்லுக்கு வருகிறேன்.

வேலை நடந்த அன்று நான் வேறு சைட்டில் இருந்தேன். பொக்லைன் ஓட்டுநர் போன் செய்தார். ‘சார், அந்தச் சொமதாங்கி வந்துருச்சுங்க. என்ன பண்ணட்டுங்க?’ ஓரமாக வைத்துவிடுங்கள் என்றேன். அவரும் ஓரமாகத்தான் வைத்தார். ஆனால் பக்கெட்டால் தள்ளியதில் மேல்கல்லின் ஒரு முனை சிதறிவிட்டது. ‘உபயம்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு பெயர் இருந்தது. அதன் கடைசி எழுத்துகள் அந்தச் சிதறலோடு போய்விட்டன. சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது ஜல்லியோடு ஜல்லியாகக் கலந்திருந்தது. தேடியும் கிடைக்கவில்லை.

ஓட்டுநர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா பெல்ட்டுப் போட்டுத் தூக்கியிருப்பனுங்க சார். கோயில் கல்லெல்லாம் நான் அப்படித்தான் தூக்கறது. நம்மகிட்ட யாருங்க சொன்னாங்க?’

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். எனக்குச் சொல்ல ஒரு தாள் இல்லை.

கவிழ்ந்து கிடந்த கல்லை அன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். மேல்கல்லின் தலைப்பக்கம் நடுவில் ஒன்றரை அடி நீளத்துக்கு வழவழவென்று குழிந்திருந்தது. உளி பட்ட கொத்துத் தடம் இரண்டு முனையிலும் சொரசொரவென்று அப்படியே இருக்க, நடுவில் மட்டும் அம்மிக்கல் மாதிரி தேய்ந்திருந்தது. எத்தனை மூட்டை, எத்தனை கூடை, எத்தனை விறகுக் கட்டு உரசினால் கருங்கல் அப்படித் தேயும்? உள்ளங்கையை வைத்தால் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. அடிப்பக்கத்தில் இரண்டு காடி வெட்டியிருந்தார்கள். நிற்கிற கல்லின் தலை அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். சிமெண்ட் கிடையாது, கம்பி கிடையாது. பாரமே பிடிமானம்.

எழுத்து முன்பக்கம் ஓடியது. பெண்ணின் பெயர், அவள் தகப்பன் பெயர், ‘பார்த்திப வருஷம் தை மாதம்’, பிறகு உபயம். பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. அது அந்த வீட்டாருடையது.

பார்த்திப வருஷம் என்றால் எது? தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். பார்த்திப தை 1886-லும் வந்தது, 1946-லும் வந்தது. எழுத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. கல்லுக்கு அக்கட்டப் பக்கம் தோட்டத்தில் ஒரு பெரியாயா இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டியிருக்கும். அவரிடம் போய்க் கேட்டேன். ‘அது எங்க சின்னம்மா கண்ணு’ என்றார். ‘நான் அப்பக் கைக்கொழந்தையாட்டம் சின்னப் புள்ள. ஆறு மாசம் அவுங்களுக்கு. எங்க அப்பாறு கல்லு ஏத்தி வந்த வண்டிக்குப் பின்னாலயே அழுதுட்டு நடந்தாரு.’

ஆக, 1946. ஆண்டு தெரிந்ததில் சந்தோஷம்தான். கூடவே ஒரு வருத்தமும் வந்தது. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் பண்டைய நினைவுச்சின்னம் என்றால் நூறு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இதற்கு ஆகவில்லை. ஆகியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தச் சட்டமும் சரி, மாநிலத்துக்கென்று வந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அரசு முறையாக அறிவித்த சின்னங்களுக்குத்தான் காவல் நிற்கும். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் 2010 திருத்தத்துக்குப் பிறகு சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது, அதற்கு மேல் இன்னொரு 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. ஒவ்வொரு ஊர் ரோட்டிலும் நிற்கிற சுமைதாங்கிக்கெல்லாம் அப்படி ஒரு வட்டம் போட்டால் ரோடே போட முடியாது. நானும் அதைக் கேட்கவில்லை. ரோடு அகலமாகத்தான் வேண்டும். ஆம்புலன்ஸ் போகிற ரோடு அது.

அப்போதுதான் ஒரு நண்பர், மேற்கு மாவட்டங்களுக்கென்று நடக்கும் மரபுப் பாதுகாப்பு மாநாடு ஒன்றின் அறிவிப்பை அனுப்பினார். அமர்வுகளுக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழிவு அனுப்பலாம் என்று போட்டிருந்தது. தலைப்பு, 300 சொல்லில் சுருக்கம், எந்த வடிவம், யார் பேசுவார்கள், கேட்பவர்களுக்கு என்ன கிடைக்கும், என்னென்ன வசதி தேவை. ஒரு பக்கப் படிவம். தமிழில் அனுப்பலாமா என்று கேட்டேன். தாராளமாக அனுப்புங்கள் என்றார்கள்.

முதல் வருடம் நான் எழுதிய தலைப்பு, ‘கொங்கு நாட்டு வழித்தடங்களும் மரபும்: ஒரு பார்வை’. சுருக்கத்தில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டியிருந்தேன். பெருவழி, சுமைதாங்கி, மாடு உடம்பை உரசிக்கொள்ளும் ஆவுரிஞ்சு கல், வேலிகளுக்கு நடுவில் போகும் இட்டேறிப் பாதை, கிளுவை வேலி, தண்ணீர்ப் பந்தல், புலியோடு போராடியவர் நினைவாக நட்ட புலிக்குத்திக் கல். ஏற்கவில்லை. ஆனால் படித்தவர்கள் அக்கறையாகப் படித்திருந்தார்கள். பதிலில் ஒரு கேள்வி இருந்தது. ‘உங்கள் அமர்வுக்கு வருகிறவர் மறுநாள் தன் ஊரில் எதை வேறு மாதிரி செய்வார்?’

அந்தக் கேள்வியை இரண்டு மாதம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பதில் என்னிடமே, என் தொழிலிலேயே இருந்தது என்று புரிய அவ்வளவு நாள் ஆயிற்று.

ரோடு எஸ்டிமேட்டில் மின்கம்பம் மாற்ற ஒரு வரி இருக்கிறது, அதற்குப் பணம் இருக்கிறது. குடிநீர்க் குழாய் மாற்ற ஒரு வரி. மரம் வெட்ட அனுமதி வாங்கி, ஈடாக வேறு மரம் வைக்க வேண்டும். எஸ்டிமேட்டில் ஒன்று வரியாக ஏறிவிட்டால், அதற்கு அளவு உண்டு, விலை உண்டு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் பதிவு உண்டு, பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஓவர்சியர் உண்டு. செய்யாமல் விட்டால் பில் பாஸ் ஆகாது. எஸ்டிமேட்டில் இல்லாததை எவ்வளவு நல்ல மனசுக்காரரும் சைட்டில் செய்ய முடியாது, யார் கூலி கொடுப்பது? ஆக, ‘வழியோர நினைவுக் கல்லைப் பெயர்த்து எடுத்து, ரோட்டு எல்லைக்கு வெளியே அதே இடத்துக்கு நேராக மறுபடி நடுதல்’ என்று ஒரு வரி சேர வேண்டும். செலவு என்ன பெரிதாக ஆகிவிடும்? ஒரு மணி நேரம் பொக்லைன், இரண்டு பெல்ட், கல் வேலை தெரிந்த ஒருவர், கூட இரண்டு ஆள். ஒரு கிலோமீட்டர் தார் போடுகிற செலவில் அது கண்ணுக்கே தெரியாது.

இரண்டாவது முன்மொழிவின் தலைப்பு, ‘ரோடு எஸ்டிமேட்டில் ஒரு வரி: சுமைதாங்கிக் கல்லை எடுத்து நடும் முறை’. வழித்தட வரலாறு முழுவதையும் வெட்டிவிட்டேன், பெருவழியைக்கூட. மனசே இல்லாமல்தான் வெட்டினேன். சுருக்கத்தின் நடுப்பகுதி இது:

‘வழியோரக் கல்லைக் காப்பாற்ற விரும்புகிறவர்களும் அதை அகற்றுகிறவர்களும் இதுவரை ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. இந்த அமர்வில் உட்காருவார்கள். கல்லை எடுப்பதற்கு முன் என்ன பதிவு செய்ய வேண்டும், எப்படித் தூக்க வேண்டும், எங்கே எந்த உயரத்தில் நட வேண்டும் என்பதை ஓர் உண்மையான கல்லை வைத்தே காட்டுவோம். அமர்வு முடிந்து போகும் ஒவ்வொருவர் கையிலும் எஸ்டிமேட்டில் சேர்க்க வேண்டிய அந்த ஒரு வரியும், ஒரு பக்கப் பதிவுத் தாளும் இருக்கும்.’

வடிவம் என்ற இடத்தில் ‘உரை’ என்பதை அடித்துவிட்டு, ‘முப்பது நிமிடம் அறையில், மிச்சம் களத்தில்’ என்று எழுதினேன். சுமைதாங்கியைத் திரையில் காட்டிப் பயனில்லை. பக்கத்தில் போய் நின்று, தலையில் ஒரு மூட்டையை வைத்துப் பார்த்தால்தான் அது என்ன என்று உடம்புக்குத் தெரியும்.

யார் பேசுவார்கள் என்ற இடத்தில் நான்கு பேர் போட்டேன். நான் ஒருவன். ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர். முப்பது வருடம் அளவு எடுத்தவர், எஸ்டிமேட்டில் புதிய வரி சேர்வதற்கு எந்தெந்த மேசையைத் தாண்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது, அந்தப் பொக்லைன் ஓட்டுநர். நான்காவது, பெரியாயா.

ஓட்டுநரைச் சேர்த்ததற்குத்தான் நண்பர்கள் தயங்கினார்கள். ‘அவரு மேடையில பேசுவாரா?’ என்று கேட்டார்கள். பேசுவார். எடை எங்கே இருக்கிறது, பெல்ட்டை முனையிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போட வேண்டும், கல்லுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சாக்கு வைக்காவிட்டால் எழுத்து எப்படி உரசிப் போகும், முதலில் மேல்கல்லை எடுக்காமல் நிற்கிற கல்லை ஆட்டினால் என்ன ஆகும் என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்ன ஒரு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது அதிகம். கல்லைக் கடைசியாகத் தொடுகிற கை அவருடையது. அந்தக் கை இல்லாமல் பாதுகாப்பு பற்றி அமர்வு நடத்துவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. படிவத்தில் ‘தேவைகள்’ என்ற இடத்தில் புரொஜெக்டரோடு சேர்த்து, ‘ஓட்டுநருக்கு ஒரு நாள் கூலி’ என்றும் எழுதினேன். சம்பளம் வாங்குகிறவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாநாட்டுக்கு வரலாம். அவர் வந்தால் அன்றைக்கு வண்டி ஓடாது. இதை அமைப்பாளர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

பதிவுத் தாளைத் தயாரிக்கத்தான் அதிக நாள் பிடித்தது. எடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து. எழுத்து இருந்தால் சாய்ந்த வெயிலில் ஒரு படம், காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ. உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து தெரியாது. எழுத்து எந்தத் திசையைப் பார்க்கிறது. எந்தக் கல் வடக்கே நின்றது, எது தெற்கே நின்றது, சாக்பீஸால் எண். பெயிண்ட் கூடாது. ரோட்டு நடுக்கோட்டிலிருந்து தூரம். பக்கத்து வீடுகளில் இந்தக் கல்லைப் பற்றி யாருக்கு என்ன தெரியும். இந்தக் கடைசிக் கேள்வியை ஓவர்சியர் முதல் கேள்வியாக மாற்றச் சொன்னார். ‘தாள்ல மொதல்ல இருக்கறதைத்தான் தம்பி சைட்ல கேப்பாங்க’ என்றார். மாற்றிவிட்டேன்.

இடம் மாற்றுவதைப் பற்றி ஒரு பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கென்று 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தின் 7-ஆம் பிரிவு, ஒரு சின்னத்தை அது நிற்கிற இடத்திலிருந்தும் அது சாட்சி சொல்கிற வரலாற்றிலிருந்தும் பிரிக்க முடியாது என்கிறது. சின்னத்தைக் காப்பாற்ற அது அவசியமாகும்போதோ, மிக முக்கியமான தேசிய, சர்வதேச நலன் கேட்கும்போதோதான் நகர்த்தலாம் என்கிறது. ‘நீங்கள் நகர்த்தும் முறையைச் சொல்லிக்கொடுத்தால், நகர்த்துவதே வழக்கமாகிவிடாதா?’ என்றார். ரோட்டை ஒரு பக்கம் மட்டும் அகலப்படுத்தி மறுபக்கக் கல்லைக் காப்பாற்ற முடிந்தால் அதுதான் முதல் வழி. பதிவுத் தாளில் அதை முதல் கட்டத்திலேயே சேர்த்தேன். அது முடியாத இடத்தில், நாலு அடி பின்னால் அதே ரோட்டைப் பார்த்து நிற்கிற கல், பூங்காவிலோ அருங்காட்சியக வாசலிலோ கொண்டுபோய் வைத்த கல்லைவிட ஆயிரம் மடங்கு மேல். சுமைதாங்கிக்கு ரோடுதான் வீடு.

முதல் முன்மொழிவில் இருந்து வெட்டிய மற்றவற்றையும் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இதை எழுதுகிறேன். உடுமலைப் பக்கத்துப் புலிக்குத்திக் கற்கள் தனி அமர்வு கேட்கும். கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலமான கொறங்காடு இன்னொன்று, காங்கேயம் மாடும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் சேர்ந்த முழு வாழ்க்கை முறை அது. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டிய கிணறுகள், தொட்டிக்கட்டு வீட்டின் சுண்ணாம்புப் பூச்சு, கோயம்புத்தூர் மில் புகைபோக்கிகள். ஏழு நூற்றாண்டாகத் தண்ணீர் ஓடுகிற காளிங்கராயன் வாய்க்காலுக்கு ஒரு மாநாடே பத்தாது. எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள். அதைத் தினமும் தொடுகிற ஒருவரைக் கூட உட்கார வையுங்கள்.

போன மாதம் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். தொண்ணூறு நிமிடம், களப்பயணத்தோடு.

களத்தில் காட்டப்போவது அந்தப் பார்த்திப வருஷக் கல்லைத்தான். மூன்று வருடமாக டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மாநாட்டுக்கு வருகிறவர்கள் கண்முன்னால், ஊராட்சியின் ஒப்புதலோடு, ரோட்டு எல்லைக்கு வெளியே அதை மறுபடி நடப்போகிறோம். எந்த உயரத்தில் நடுவது என்பதில்தான் சிக்கல். கடைசியாக நின்றபோது ரோட்டிலிருந்து அது மூன்றரை அடிதான் இருந்தது, நான் எடுத்த அளவு அது. அந்த உயரத்தில் சுமையை இறக்க ஆள் உட்கார்ந்தே எழ வேண்டும். யாரும் அப்படி நட்டிருக்க மாட்டார்கள்.

கவிழ்ந்து கிடந்த நிற்கிற கல்லைத் துடைத்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. அடியில் இரண்டடி வரைக்கும் கல் முரடாக, உளியே படாமல் இருக்கிறது. அது மண்ணுக்குள் போக வேண்டிய பகுதி. அதற்கு மேலே கொத்திச் சமப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் சமப்படுத்திய பகுதியிலும் முக்கால் அடிக்கு மேலாக மண்கறை ஏறியிருக்கிறது. கல் இறங்கவில்லை. ரோடுதான் ஏறியிருக்கிறது. மண் ரோடு, அதன்மேல் கப்பி, அதன்மேல் தார், பிறகு சில வருடத்துக்கு ஒருமுறை இன்னொரு தார். எழுபது வருடமாக நாங்கள் போட்ட ஒவ்வொரு அடுக்கும் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை டேப்போடு பெரியாயா வீட்டுக்குப் போனேன். மாநாட்டில் பேச அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ‘அங்க அந்தக் கல்லைக் கொண்டு போயிருவீங்களா?’ என்றுதான் முதலில் கேட்டார். ‘இல்லீங்காயா. அவுங்கதான் இங்க வர்றாங்க’ என்றேன். ‘அப்பச் சரி.’

எந்த உயரத்துக்கு இருந்தது ஆயா என்று கேட்டேன். எழுந்து நின்று கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்புறம் அவரே கையை இறக்கிவிட்டார். ‘நாந்தான் குனிஞ்சு போயிட்டனே சாமி. எம்பட பேத்தி ஒசரந்தான், அப்ப நா இருந்த ஒசரம். அவளெ நிக்க வெச்சு அளந்துக்க’ என்றார்.

பேத்தி கல்லூரியில் படிக்கிற பெண். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக நிமிர்ந்து நின்றாள். தரையிலிருந்து காது மட்டம் 4 அடி 6 அங்குலம். கல்லில் கொத்திச் சமப்படுத்திய பகுதியின் நீளத்தையும் மேல்கல்லின் கனத்தையும் கூட்டினால் 4 அடி 6½ அங்குலம். பதிவுத் தாளில் ‘நட வேண்டிய உயரம்’ என்ற கட்டத்தில் அதை எழுதி, பக்கத்தில் ‘தரை மட்டத்திலிருந்து, ரோட்டு மட்டத்திலிருந்து அல்ல’ என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன்.